வயிறு கேட்கிறதா, நாக்குக் கேட்கிறதா?

சுகாதாரப் பாடம்



சென்ற வருடம் மார்கழி மாதம் எங்கள் பிள்ளைக் காம்பராவில் நிறை பார்க்கும் நாள். கொழுந்து மலையிலிருந்து நேரே இறங்கி ஓர் அம்மா வந்தார். இடுப்பில் நாலு வயது மகள். பிள்ளையைத் தராசில் நிறுத்தினோம். வளர்ச்சி அட்டையில் மூன்று மாதமாகக் கோடு மேலே ஏறவில்லை, படுத்தே கிடக்கிறது.

"என்னம்மா, பிள்ளை சாப்பிடுறது இல்லையா?" என்று கேட்டேன்.

"என்னங்க ஐயா இப்படிக் கேக்குறீங்க? நாள் முழுக்க வாய் ஓயாம தின்னுக்கிட்டுதான் இருக்கு. சோத்த வச்சா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார்.

அப்போதும் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பைட்ஸ் பக்கட் இருந்தது. விரல் நுனியெல்லாம் மஞ்சள் தூள். பக்கட் முடிந்ததும் பிள்ளை விரலைச் சூப்பியது. பிறகு பக்கட்டைக் கிழித்து உள்பக்கத்தை நக்கியது. பிறகு அம்மாவின் முந்தானையை இழுத்தது. இன்னொன்று வேண்டுமாம்.

அந்த அம்மா பிள்ளைக்கு ஒரு அடி வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் குற்றம் அந்தப் பிள்ளையிடம் இல்லை, அம்மாவிடமும் இல்லை. இதை விளக்குவதற்கே இந்த மாதப் பாடம்.

மா ஒன்றுதான், வேலைதான் வேறு

நான் பிறந்த ஊர் கிளிவெட்டி. திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம் இருக்கிறது. வயலும் மாடும் உள்ள ஊர். எங்கள் மாவட்டத்துத் துறைமுகத்திலே, சீனன்குடாவில், 1980ஆம் ஆண்டிலிருந்து பிறிமா மா ஆலை ஓடுகிறது. உலகத்திலுள்ள பெரிய மா ஆலைகளில் அதுவும் ஒன்று. வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து அங்கே இறங்கி, அரைபட்டு மாவாகி, லொறியிலே நாடு முழுவதும் போகிறது. நீங்கள் விடியற்காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டி தட்டுகிறீர்களே, அந்தக் கோதுமை மாவும் பெரும்பாலும் கடல் தாண்டி வந்த கோதுமைதான். கடையில் தொங்குகிற பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் அதே மாவிலே செய்தவைதான்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். கட்டச் சம்பலோடு இரண்டு ரொட்டி சாப்பிட்டவர் மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டுமுன் கொஞ்சம் யோசிக்கிறார். நாலாவது ரொட்டியைக் கொடுத்தால் "போதும்" என்கிறார். ஆனால் பிஸ்கட் பக்கட்டைத் திறந்தவர் அடி காணும்வரை யோசிப்பதில்லை. மா ஒன்று. வயிறும் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

விடை இதுதான்: ரொட்டி வயிற்றுக்காகச் செய்யப்படுகிறது. பக்கட் தீனி நாக்குக்காகச் செய்யப்படுகிறது. "போதும்" என்று சொல்வது வயிறு. நாக்குக்கு அந்தச் சொல் தெரியாது.

பக்கட்டுக்குள் உள்ள ஐந்து வித்தைகள்

*ஒன்று: மூன்றையும் ஒன்றாகக் கலப்பது.* இயற்கையில் இனிப்பு ஓரிடத்தில், கொழுப்பு ஓரிடத்தில் இருக்கும். வாழைப்பழத்தில் இனிப்பு உண்டு, கொழுப்பு இல்லை. தேங்காயில் கொழுப்பு உண்டு, இனிப்பு மிகக் கொஞ்சம். இரண்டும் சேர்ந்து நமக்குக் கிடைத்த முதல் உணவு தாய்ப்பால். அதனாலோ என்னவோ, அந்தச் சேர்க்கையைக் கண்டால் நாக்கு விடுவதில்லை. கிரீம் பிஸ்கட்டில் சீனி, கொழுப்பு, உப்பு மூன்றும் கூட்டாகவே வருகின்றன. பிஸ்கட் இனிப்புத்தானே, அதில் ஏது உப்பு என்று கேட்காதீர்கள். பக்கட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், இருக்கும்.

*இரண்டு: அளவு பார்த்துப் போடுவது.* தேத்தண்ணிக்குச் சீனி கூட்டக் கூட்ட ருசி ஏறும். ஓர் அளவுக்கு மேலே போனால் திகட்டும். அந்த உச்சப் புள்ளி எது என்று ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்து, கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்தவர் ஹோவர்ட் மொஸ்கோவிட்ஸ் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர். பெரிய பெரிய உணவுக் கம்பனிகள் அவருடைய உதவியைப் பெற்றன. நம்ம வீட்டில் அம்மா கைப் பக்குவத்தில் போடுகிற உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். கம்பனிப் பக்கட்டில் என்றைக்கும் அதே உச்சம்.

*மூன்று: கறி இல்லாமலே கறி ருசி காட்டுவது.* 1908ஆம் ஆண்டு ஜப்பானிலே கிகுனே இகேடா என்ற பேராசிரியர், கடற்பாசிச் சாறு ஏன் அவ்வளவு ருசியாக இருக்கிறது என்று ஆராய்ந்து, குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் பிறகு அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அது விஷம் என்று பலர் சொல்வதுண்டு; அப்படி இல்லை. தக்காளியிலும் கருவாட்டிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. ஆனால் தக்காளியைத் தின்றால் ருசியோடு சத்தும் வருகிறது. பைட்ஸ் பக்கட்டில் ருசி மட்டும் வருகிறது. இறைச்சி வருகிறதென்று நாக்கு உடம்புக்குச் செய்தி சொல்லும். வயிற்றுக்குப் போய்ச் சேருவதோ மாவும் எண்ணெயும்தான்.

*நான்கு: வாயிலே கரைந்து போவது.* பொரித்த, பொங்கிய தீனியை வாயில் போட்டதும் கரைந்து காணாமல் போகும். மெல்ல வேண்டிய வேலை இல்லை. வயிறும் குடலும் "நிறைந்து விட்டது" என்று மூளைக்குச் செய்தி அனுப்ப ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். ஒரு பிடி அவித்த கடலையை மென்று முடிக்கவே நேரம் எடுக்கும். பைட்ஸ் பக்கட் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். செய்தி மூளைக்குப் போய்ச் சேருமுன் இரண்டாவது பக்கட்டும் முடிந்திருக்கும்.

*ஐந்து: பல ருசியை மாற்றி மாற்றித் தருவது.* ஒரே ருசி என்றால் நாக்குச் சீக்கிரம் அலுத்துப் போகும். அது நல்லது, அலுப்பு வந்தால்தான் கை நிற்கும். மிக்சரைப் பாருங்கள்: ஒரு வாயில் காரம், அடுத்த வாயில் கடலை, அடுத்ததில் இனிப்புத் திராட்சை. அலுக்கவே விடாது.

பரீட்சை செய்து பார்த்தவர்கள்

இவையெல்லாம் வெறும் பேச்சு இல்லை. அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹோல் என்ற ஆராய்ச்சியாளர் 20 பேரை வைத்துச் செய்த ஒரு பரீட்சையின் முடிவு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டு கிழமை தொழிற்சாலையில் பதப்படுத்திய சாப்பாடு. இரண்டு கிழமை சாதாரணமாகச் சமைத்த சாப்பாடு. வைக்கப்பட்ட இரண்டு சாப்பாட்டிலும் சீனி, உப்பு, கொழுப்பு, நார் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. "விரும்பிய மட்டும் சாப்பிடுங்கள்" என்று விட்டுவிட்டார்கள்.

பதப்படுத்திய சாப்பாடு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அது சுமார் 140 கிராம் கோதுமை மாவில் உள்ள சக்தி. வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிறை ஏறினார்கள். சமைத்த சாப்பாட்டு நாட்களில் அதே அளவு இறங்கினார்கள். அவர்களுக்கு யாரும் புத்திமதி சொல்லவில்லை, பட்டினி போடவுமில்லை. சாப்பாடு மாறியது, அளவும் தானாக மாறியது.

ஆகவே "வாயைக் கட்டு" என்று பிள்ளையை அடிப்பதால் பலன் இல்லை. மாற்ற வேண்டியது தட்டில் இருப்பதைத்தான்.

ஒல்லிப் பிள்ளைக்கும் இது பொருந்துமா?

மாதர் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டார்: "ஐயா, இதெல்லாம் டவுன்ல இருக்குற குண்டுப் புள்ளைகளுக்குத்தானே? நம்ம புள்ளைகதான் எலும்பும் தோலுமா இருக்கே?"

நல்ல கேள்வி. 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப்புறத்தை மட்டும் பார்த்தால் நூறுக்கு சுமார் 32 பேர். நம்ம பிள்ளைகள் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை என்பது இதன் அர்த்தம். அதற்குக் காரணங்கள் பல. தாயின் உடல்நிலை, வருமானம், தண்ணீர், அடிக்கடி வரும் வயிற்றோட்டம் எல்லாம் உண்டு. பக்கட் தீனி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன வயிற்றில் இருக்கும் கொஞ்ச இடத்தைப் பக்கட் பிடித்துக்கொண்டால், பருப்பும் முட்டையும் கீரையும் போக இடம் எங்கே? பிள்ளைக்குப் பசி அடங்கும், வளர்ச்சி நடக்காது. அதே பிள்ளை பெரியவளாகும்போது, சின்ன உடம்பில் சீனி வியாதியும் பிரஷரும் சேரப் பார்க்கும். ஒல்லியாக இருப்பது இதற்குக் காப்பு அல்ல.

கிளிவெட்டியில் எனக்குக் கிடைத்த பாடம்

உங்களுக்குச் சொல்லும் நான் மட்டும் ஒழுங்காக இருந்தேனா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஒபிஸ் மேசை லாச்சிக்குள் எப்போதும் ஒரு பிஸ்கட் பக்கட் இருக்கும். பின்னேரம் ரிப்போர்ட் எழுதும்போது ஒன்று எடுப்பேன். எழுதி முடியும்போது பக்கட்டும் முடிந்திருக்கும். எப்போது முடிந்தது என்றே தெரியாது.

இந்த வருடம் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கண்டியில் இறங்கி, தங்கச்சியின் பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறைய மிக்சர், பிஸ்கட், பெரிய சோடாப் போத்தல் எல்லாம் வாங்கினேன். பஸ்ஸில் ஏறியதும் மிக்சர் பக்கட் ஒன்றைச் சும்மா பிரித்தேன். கந்தளாய் வருமுன் பெரிய பக்கட் காலி. வீட்டுக்குப் போனால் அம்மா எங்கள் வயல் அரிசிச் சோறு, குளத்து மீன் குழம்பு, முருங்கையிலை வறை, கட்டித் தயிர் எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எனக்கு இரண்டு பிடிக்கு மேல் இறங்கவில்லை. பிள்ளைகளும் அப்படித்தான். நான் கொண்டுபோன பையை அவிழ்த்த பிறகு சோற்றுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அரை மணித்தியாலம் போனதும் நானும் பிள்ளைகளும் திரும்பவும் அந்தப் பையைத் தேடுகிறோம்.

அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவர் சொன்னார்: "வயிறு நிரம்பினா மனுசன் கையைக் கழுவுவான். நீ இன்னும் விரலைச் சூப்பிக்கொண்டு இருக்கிறாய். உன்ட வயிறு நிரம்பல்ல மகன், அடைச்சுத்தான் கிடக்கு."

நிரம்புவது வேறு, அடைப்பது வேறு. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

லீவு முடிந்து வந்ததும் இரத்தத்தில் சீனி பார்த்தேன். கூடியிருந்தது. எனக்கு இன்னும் 50 வயதாகவில்லை. இத்தனை வருடமாக லயம் லயமாகப் போய்ச் சுகாதாரம் பேசிய ஆள் நான். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம்தான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது.

நாம் ஏன் பிள்ளைக்கு மறுக்க முடியாமல் இருக்கிறோம்?

இதையும் பேசாமல் விடக்கூடாது. நாம் பசியை அறிந்த சனம். 1973, 74 காலத்துப் பஞ்சத்தில் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் எத்தனையோ பேர் மாண்டு போனார்கள். நம்ம பாட்டிமார் அதை இன்றைக்கும் சொல்லுகிறார்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான். 2006ஆம் ஆண்டுச் சண்டையில் சம்பூர்ப் பக்கத்துச் சனங்கள் இடம்பெயர்ந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015க்குப் பிறகுதான் பலர் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். முகாம் என்றால் நிவாரணச் சாப்பாடு. கைக்குக் கொஞ்சம் காசு வந்த அன்று பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கிக் கொடுக்காத தாய் உண்டா?

பசி கண்ட வீட்டில் "பிள்ளை எதையாவது தின்றால் போதும்" என்ற எண்ணம் வருவது இயற்கை. அது அன்பு. காலையில் இருட்டோடு மலைக்குப் போய் மாலையில் வரும் தாய், அன்று முழுவதும் பார்க்காத பிள்ளைக்குக் கொண்டுவரும் அன்பு ஒரு சின்னப் பக்கட்டாக இருக்கிறது. அந்த அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. வேறு பாத்திரத்தில் ஊற்றச் சொல்லுகிறேன்.

சீனிக் கணக்கு: ஒரு சின்னப் பயிற்சி

பென்சிலும் கொப்பியும் எடுங்கள்.

ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் சொன்னது: நாம் சாப்பாட்டில் சேர்க்கும் சீனியால் வரும் சக்தி, ஒரு நாள் முழுச் சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 10 சதவீதம் என்றால் 50 கிராம், அதாவது சுமார் 12 தேக்கரண்டி. 5 சதவீதம் என்றால் சுமார் 6 தேக்கரண்டி.

நம்மில் ஒருவர் நாளைக்கு 5 கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு 3 தேக்கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறார் என்று வைப்போம். 5 தரம் 3 பதினைந்து. 15 தேக்கரண்டி என்றால் 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம், ஓர் ஆளுக்கு மட்டும். பிஸ்கட், சோடா இன்னும் கணக்கில் வரவில்லை.

இப்போது சோடாப் போத்தல். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டிலிருந்து மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் போட வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமிலிருந்து 11 கிராம்வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவு பச்சை. மஞ்சள் என்றால் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்துக்கும் மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றைக் குடித்தால் 40 கிராம், அதாவது 10 தேக்கரண்டி சீனி ஒரே மூச்சில் உள்ளே போகிறது.

2019இல் பிஸ்கட், மிக்சர் போன்ற திண்மமான உணவுகளுக்கும் இந்த நிறச் சட்டம் வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல், உப்பு 1.25 கிராமுக்கு மேல், கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. எழுத்துத் தெரியாத பாட்டியும் நிறத்தைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் "இதில் எத்தனை சிவப்பு?" என்று கேட்டுப் பழக்குங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி.

என்ன செய்யலாம்?

அடியோடு நிறுத்துங்கள் என்று சொன்னால் நீங்களும் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்க மாட்டேன். ஒரேயடியாகத் தடுத்தால் ஆசைதான் கூடும். கீழே உள்ளவற்றை நானும் எங்கள் டிவிஷன் தாய்மார் சிலரும் செய்து வருகிறோம்.

1. *சாப்பாடு முதல், கடை பிறகு.* பசியோடு கடைக்குப் போகாதீர்கள், பிள்ளையையும் கூட்டிப் போகாதீர்கள். பிள்ளை பக்கட் கேட்டால் "இல்லை" என்பதற்குப் பதில் "சோறு தின்ன பிறகு" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். வயிறு நிறைந்த பிள்ளை பாதிப் பக்கட்டோடு நிறுத்திக்கொள்ளும்.

2. *பக்கட்டிலிருந்து நேரே தின்னக்கூடாது.* ஒரு சின்னக் கோப்பையில் கொட்டி, பக்கட்டை மடித்துக் கட்டி, உயரத்தில் வைத்துவிடுங்கள். கோப்பை காலியானால் கண்ணுக்கு ஓர் எல்லை தெரியும். டீவி பார்த்துக்கொண்டு தின்றால் அந்த எல்லையும் தெரியாது.

3. *ருசியை வீட்டிலேயே செய்யுங்கள்.* கடலையோ கௌபியோ முதல்நாள் இரவு ஊறப்போட்டு, அவித்து, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய்ப்பூப் போட்டுத் தாளித்து, தேசிக்காய் பிழிந்து கொடுங்கள். காரம், புளிப்பு, மணம் எல்லாம் இருக்கிறது, மெல்லவும் வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும். நன்றாக மசித்துக் கொடுங்கள்.

4. *தேத்தண்ணிச் சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள்.* ஒரு கிழமைக்குக் கால் தேக்கரண்டி குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. 3 தேக்கரண்டியிலிருந்து 1க்கு வர எட்டுக் கிழமை. நான் அப்படித்தான் இறங்கினேன். இப்போது யாராவது பழைய மாதிரிப் போட்டுத் தந்தால் எனக்குப் பாணி குடிப்பது போல இருக்கிறது. தேயிலையின் உண்மையான மணமும் இப்போதுதான் தெரிகிறது. உலகத்துக்கெல்லாம் தேயிலை கொடுக்கும் நாம் சீனித் தண்ணியைத்தான் இத்தனை நாள் குடித்திருக்கிறோம்!

5. *நூடுல்ஸ் செய்தால் அப்படியே செய்யாதீர்கள்.* ருசித் தூள் பைக்கற்றில் பாதியை மட்டும் போடுங்கள். உப்பு அதில்தான் அதிகம். ஒரு முட்டை, கரட், லீக்ஸ், கோவா எது தோட்டத்தில் இருக்கிறதோ அதைச் சேருங்கள். சூப் கட்டி போடும் கறிக்கு வேறு உப்புப் போடாதீர்கள். ஓர் ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை.

6. *புது ருசிக்குப் பிள்ளையைப் பழக்குங்கள்.* கீரையை ஒருதரம் துப்பிவிட்டால் "பிடிக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். எட்டு, பத்துத் தரம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடும். நீங்களும் பக்கத்தில் இருந்து அதையே சாப்பிட வேண்டும்.

7. *வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.* சம்பள நாளில் மொத்தமாக வாங்கி வைத்தால் மூன்று நாளில் முடியும். கிழமைக்கு ஒருநாள் என்று வைத்து, அன்றைக்கு மட்டும் வாங்கி, எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுங்கள். அன்று யாரும் யாரையும் ஏச வேண்டாம்.

கவனிக்க: நிறை குறைந்த பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கக்கூடாது. பக்கட்டை எடுத்தால் அந்த இடத்தில் வேறு நல்ல சாப்பாட்டை வைக்க வேண்டும். கிளினிக்கில் திரிபோஷ தந்தால் அது அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது, மறக்காமல் கொடுங்கள். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடவும் கூடாது, மருந்தை மாற்றவும் கூடாது. 35 வயது தாண்டிய எல்லோரும் அரசாங்க வைத்தியசாலையில் சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டவை

*"மலை ஏறி எறங்கி ஒழைக்கிற ஒடம்புக்குச் சீனி வேணாமா ஐயா?"*

உடம்புக்குச் சக்தி வேண்டும். சீனித் தேத்தண்ணி சக்தியைச் சட்டென்று தந்து, சட்டென்று விட்டுவிடும். பத்து மணிக்குக் கை நடுங்குவதும் மறுபடி தேத்தண்ணி தேடுவதும் பலருக்குக் காலைச் சாப்பாடு இல்லாததால்தான். பிரட்டுக்கு முன் ஒரு ரொட்டியும் கொஞ்சம் பருப்போ சம்பலோ சாப்பிட்டுப் பாருங்கள். மலைக்கு அவித்த கடலை கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள்.

*"சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டா?"*

ருசி வேறு, கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதையும் அளவோடு போடுங்கள்.

*"பக்கட்தானே மலிவு? கடலை வாங்கக் காசுக்கு எங்க போறது?"*

இதை வாயால் வாதாட நான் விரும்பவில்லை. கணக்குப் பார்ப்போம். கடையில் உங்கள் பெயருக்கு ஒரு கடன் கொப்பி இருக்கும். இந்த மாதம் முழுவதும் பைட்ஸ், பிஸ்கட், சோடா, டொபி எல்லாவற்றையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். மாதம் முடிய அந்தப் பக்கத்தை மட்டும் கூட்டுங்கள். அந்தக் காசுக்கு எத்தனை கிலோ கடலை, எத்தனை முட்டை வரும் என்று கடைக்காரரிடமே கேளுங்கள்.

கடைசியாக

முதலில் சொன்ன அந்த அம்மாவும் பிள்ளையும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். தை மாதம் மாதர் கூட்டத்தில் நான் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் மிக்சர், ஒன்றில் தாளித்த கடலை. பேசிக்கொண்டே சாப்பிடச் சொன்னேன். கடலைத் தட்டில் ஆளுக்கு இரண்டு பிடி எடுத்து, மிச்சத்தை வைத்துவிட்டார்கள். மிக்சர்த் தட்டுக் காலியான பிறகும் ஒரு கை அதைத் தடவிக்கொண்டிருந்தது. அது அந்த அம்மாவின் கை. அவரே பார்த்துவிட்டுச் சிரித்தார். "என் மகள அடிச்சேனே ஐயா, எனக்கே நிக்கலியே" என்றார்.

அன்றிலிருந்து அவர் பிள்ளையை அடிக்கவில்லை. காம்பராவிலிருந்து கூட்டிப்போகும்போது முதலில் வீட்டில் பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டுகிறார். பிறகுதான் பக்கட், அதுவும் சின்னக் கோப்பையில். முதல் இரண்டு கிழமை வீட்டில் பெரிய அழுகையாம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஏசியும் இருக்கிறார்கள். அவர் விடவில்லை. சித்திரையில் நிறை பார்த்தபோது கோடு மேலே திரும்பியிருந்தது. கொஞ்சம்தான். இன்னும் ஏற வேண்டியது நிறைய. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து அந்த அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

என் மேசை லாச்சியும் இப்போது காலி. சில நாள் பின்னேரத்தில் கை தானாக லாச்சிக்குப் போகும். அப்போது அம்மா சொன்னதை நினைத்து என்னையே கேட்டுக்கொள்வேன்: வயிறு கேட்கிறதா, நாக்குக் கேட்கிறதா? வயிறு என்றால் எழுந்து போய்ச் சாப்பிடுவேன். நாக்கு என்றால் ஒரு கோப்பைச் சாயத்தண்ணி குடித்துவிட்டு எழுத்தைத் தொடருவேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் உங்கள் கடைக் கொப்பிப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள். யாரும் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. நான் என்னுடைய பக்கத்தை முதலில் வாசிக்கிறேன்.

கலந்து பேசுவதற்கு:

1. நேற்று உங்கள் பிள்ளை சோற்றுக்கு முன் என்னென்ன தின்றது?
2. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தேக்கரண்டி சீனி செலவாகிறது?
3. உங்கள் பாட்டி சின்ன வயதில் பின்னேரத்தில் என்ன சாப்பிட்டார்? அதை இப்போது செய்ய முடியுமா?

அன்புடன்,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்